எழுவான்கரையில் நாலரை மணி

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை, படுகின்ற பக்கம் படுவான்கரை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கின்ற எழுவான்கரை மண்ணில்தான் எங்கள் கல்லடி இருக்கிறது. கிழக்கே சற்று நடந்தால் கடல், மேற்கே சற்று நடந்தால் வாவி. மலையோ காடோ மறைப்பதற்கு இல்லை. சூரியன் நேரே கடலிலிருந்து எழுந்து, சுவரின் காற்றுத் துவாரங்களால் வீட்டுக்குள் வந்துவிடும். மாசி மாதத்தில் 6.20 அளவில் வருகின்ற சூரியன் வைகாசியில் 5.45க்கே வந்துவிடும்.

என் சின்னவன் அதற்கும் முந்தியவன். ஒரு வயதும் எட்டு மாதமும் ஆனபோது, சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு, நாலரை மணிக்கு எழும்பப் பழகிக்கொண்டான். எழும்பினால் அழமாட்டான். அதுவே பெரிய வில்லங்கம். அழுகிற பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கலாம், சிரிக்கிற பிள்ளையை என்ன செய்வது? நுளம்பு வலைக்குள் எழுந்து நின்று, காகத்தையும் நாயையும் பாண் ஓட்டோவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும். என் கணவர் கொழும்புக்கு ஓடுகின்ற இரவு பஸ்ஸில் நடத்துநர். ஒருநாள் விட்டு ஒருநாள், விடிய நாலு மணியளவில் வந்து படுப்பார். மகள் ஐந்தாம் ஆண்டு, புலமைப்பரிசில் பரீட்சைக்காக இரவு பத்து மணி வரை படிக்கிறவள். மாமிக்குப் பிரஷர். இந்த மூன்று பேரின் தூக்கமும் சின்னவனுடைய ஒரு 'கா கா'வில் முடிந்துவிடும். என் தூக்கத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. வீட்டிலும் யாரும் சேர்க்கவில்லை.

ஆலோசனைக்கு மட்டும் குறைவில்லை. மாமி நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். பக்கத்து வீட்டு அக்கா, "இரவையில வயிறு முட்டச் சோறு குடுகா, விடியுமட்டும் எழும்பமாட்டான்" என்றார். வயிறு முட்டக் கொடுத்த அன்றும் நாலரைதான். பகல் தூக்கத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள் வேறு சிலர். அப்படி நிறுத்திய வீடுகளில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிள்ளை சோற்றுக் கோப்பையிலேயே தூங்கி விழுவதைக் கண்டிருக்கிறேன். எல்லோருடைய பேச்சின் அடியிலும் ஒரே குற்றச்சாட்டுத்தான் இருந்தது: தாய்க்குப் பிள்ளையைப் படுக்க வைக்கத் தெரியவில்லை.

ஆகவே நாங்கள் வெளியே போகத் தொடங்கினோம். ஐந்து மணி வரை இருட்டில் விறாந்தைப் படியில் இருப்போம். அதற்குள் ஊர் ஒவ்வொன்றாக எழும்பும். முதலில் காத்தான்குடிப் பக்கமிருந்து காற்றோடு வருகின்ற சுபஹுப் பாங்கு, பிறகு கோயில் மணி. தேங்காய் துருவுகின்ற சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டால் இடியப்பம் அவிக்கின்ற வீட்டில் அடுப்பு மூட்டியாயிற்று. தெரு விளக்கு ஒழுங்காக எரிகின்ற நாளில் சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு நடப்பேன்.

கல்லடிக்கு இப்போது இரண்டு பாலங்கள். பழையது இரும்புப் பாலம். ஆங்கிலேயர் காலத்துத் தேசாதிபதி மனிங் துரையின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்று பெயர் பெற்றது. ஒரு வாகனம் போகும் அகலந்தான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அக்கரையால் வருகின்ற பஸ் இறங்கும் வரை இக்கரையில் வரிசை நிற்கும். 2013இல் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது. பெரிய வாகனங்கள் அங்கே போய்விட, பழைய பாலம் நடக்கிறவர்களுக்கும் தூண்டில்காரருக்கும் மிஞ்சியது. என் கருத்தில் கல்லடிக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை புதிய பாலமல்ல, ஓய்ந்துபோன இந்தப் பழைய பாலந்தான். சிறு பிள்ளையோடு காலாற நிற்க இந்த ஊரில் வேறு இடம் எங்கே இருக்கிறது?

இந்தப் பாலத்தடியில்தான் மீன் பாடுகிறது என்பார்கள். முழுநிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறு முனையில் காதை வைத்தால் கேட்குமாம். விபுலாநந்த அடிகள் யாழ் நூலில் அந்த ஒலியை நீரரமகளிரின் இசையாகக் கண்டார். அவர் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயமும் அவருடைய சமாதியும் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. சின்னவன் கம்பி இடுக்கால் தண்ணீரைப் பார்த்து "மீ" என்பான். நாங்கள் கண்டது தூண்டிலில் துடித்த கொடுவாவும் பிளாஸ்ரிக் வாளிக்குள் கிடந்த இறாலுந்தான்.

ஒரு பெண் அந்த நேரத்தில் றோட்டில் நடப்பது பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பில் பிள்ளை இருந்தபடியால் என்னைத் தூண்டில்காரர் வழிவிட்டு நிற்க வைத்தார்கள். பிள்ளை இல்லாமல் ஒரு பெண் அதே இடத்தில் அதே நேரத்தில் காற்று வாங்க நின்றால் அதே மரியாதை கிடைக்குமா என்பது சந்தேகந்தான். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் இரண்டு தரம் திரும்பி வந்து, "தனியவா?" என்று கேட்டார். தூண்டில்காரர்களில் வயதான ஐயா ஒருவர், "என்ட மகள்தான்" என்று உரக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் இருக்கின்ற தூண் அருகில்தான் நாங்களும் நிற்போம்.

சின்னவனுக்கு மணிக்கூடு தெரியாது என்று நான் அலுத்துக்கொண்ட நாட்களில் எனக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். மணிக்கூட்டை அவ்வளவு நம்ப வேண்டியதில்லை என்று எங்கள் ஊர் நன்றாகவே அறிந்திருந்தது. 1996 மே மாதத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க நாட்டின் நேரத்தை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக்கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. இருட்டோடு இருட்டாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த இடங்களில் இந்தப் புது நேரம் செல்லாது. படுவான்கரையின் பெரும் பகுதி அப்போது அவர்களிடம் இருந்தது. மண்முனைத் துறையில் 'பாதை' ஏறி அக்கரை போனால் மணிக்கூடு அரை மணி பின்னால் போய்விடும். 2014இல் அங்கே பாலம் வரும்வரை அந்தப் பாதைதான் போக்குவரத்து. கலியாண வீட்டுக்கு அழைத்தாலும் செத்த வீட்டுக்கு அறிவித்தாலும், "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுத்தான் புறப்படுவார்கள். அம்மா சொல்வார், 1996இல் நேரம் மாறிய மறுநாள் என் தம்பி அதே இருட்டில்தான் எழும்பினான், ஆனால் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் கூடக் காட்டியது, "இவன் இண்டைக்கு நல்லாப் படுத்திருக்கான்" என்று அம்மம்மா சந்தோஷப்பட்டாராம்.

பிள்ளையின் உடம்பு கேட்பது வெளிச்சத்தையும் இருட்டையுந்தான். இதை எனக்கு விளக்கியவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். நாங்கள் மிஸி என்றே கூப்பிடுவோம். நிறை பார்க்கப் போன கிளினிக் நாளில் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆலோசனை எதுவும் சொல்லாமல் முதலில் கணக்குக் கேட்டார். மாலை 6.45க்குப் படுக்கிறான், 4.30க்கு எழும்புகிறான். காலை எட்டரைக்குத் திரும்பவும் ஒன்றரை மணித்தியாலம் படுக்கிறான். கூட்டினால் பதினொன்றேகால் மணித்தியாலம். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. "இவன் குறையப் படுக்கல்ல. நேரத்தோட படுத்து நேரத்தோட எழும்புறான்" என்றார்.

பிறகு காரணத்தைச் சொன்னார். முன்னிரவில் பிள்ளை ஆழ்ந்து தூங்கும். விடியப் புறமாகத் தூக்கம் மெலிந்துவிடும். தூக்கத்தின் பசி பெரும்பாலும் தீர்ந்துபோன அந்த நேரத்தில் சின்னச் சத்தமும் கொஞ்ச வெளிச்சமும் போதும், முழுதாக எழும்பிவிடும். எழும்பியவுடன் விளக்கும் விளையாட்டும் கிடைத்தால் உடம்பு அதையே விடியல் என்று குறித்துக்கொள்ளும். எட்டரை மணித் தூக்கத்தைப் பகல் தூக்கம் என்று எண்ணக் கூடாது, அது இரவுத் தூக்கத்தின் அறுந்துபோன வால் என்றார். அந்த வால் அங்கே கிடைக்கும் வரை அவன் நாலரைக்குத் தயங்காமல் எழும்புவான்.

ஆகவே பகல் தூக்கத்தை மெல்ல மெல்லப் பதினொரு மணிக்கும் பிறகு மத்தியானத்துக்கும் தள்ள வேண்டும். இராப்படுக்கையை நாலைந்து நாளுக்கு ஒரு தடவை கால் மணித்தியாலம் பிந்தவைக்க வேண்டும். ஒரேயடியாக ஒன்பது மணிவரை விழிக்க வைத்தால் பிள்ளை சிணுங்கிக் களைத்துப்போகுமே தவிர மறுநாள் பிந்தி எழும்பும் என்றில்லை. நாலரைக்கு எழும்பினால் விளக்குப் போடக் கூடாது, ஃபோன் காட்டக் கூடாது, கதைக்கக் கூடாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை கேட்டால் இருட்டில் படுத்தபடியே கொடுக்கலாம், அதைச் சாட்டாக வைத்து நாளைத் தொடங்கக் கூடாது. குறட்டை, வாயால் மூச்சு விடுதல், காது பிடித்து அழுதல், இரவில் ஆசனவாய் கடித்தல் என்று ஏதும் இருந்தால் இது வெறும் பழக்கமில்லை, டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

போக எழும்பிய என்னை அவர் இருத்தினார். "நீங்க எத்தனை மணித்தியாலம் படுக்கிறீங்க?" ஐந்து என்றேன். சாப்பாடு இறங்குதா, காரணமில்லாமல் அழுகை வருதா, பிள்ளையில் கோபம் வருதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தன் கொப்பியில் எழுதினார். இரவு எட்டு மணிக்கு நானும் படுக்க வேண்டும் என்பதை மருந்துபோலச் சொன்னார். சட்டி பானை கழுவுகிறதை யார் செய்வது என்று கேட்டேன். "பஸ்ஸில்லாத இரவில அவர் கழுவட்டும்" என்றார் மிஸி. அவர் கழுவுகிறார். சத்தம் கொஞ்சம் கூட, ஆனால் கழுவுகிறார்.

மிஸியின் சொற்படி பார்த்தால் விடியல் வெளிச்சத்தில் பாலத்துக்குப் போவது சின்னவனின் உடம்பு மணிக்கூட்டை இன்னும் முன்னே இழுக்கும். வீட்டார் தூங்க வேண்டுமென்றால் பிள்ளை வெளியே, பிள்ளை தூங்கப் பழக வேண்டுமென்றால் பிள்ளை உள்ளே இருட்டில். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. மகளின் பரீட்சை முடியும் வரை முதலாவது, அதற்குப் பிறகு இரண்டாவது என்று நானே தீர்மானித்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

பரீட்சை முடியும் வரை நாங்கள் விடியலை நன்றாகவே கண்டோம். சனி ஞாயிறுகளில் பாலத்தை விட்டுக் கடற்கரைப் பக்கம் போவோம். திருச்செந்தூர் முருகன் கோயிலைக் கடக்கும்போது 2004 மார்கழி 26இல் சாய்ந்துபோன கோபுரத்தை நினைக்காமல் போக முடியாது. அன்றும் ஒரு ஞாயிறுதான், போயா நாள். கல்லடியிலும் டச்பாரிலும் நாவலடியிலும் அந்தக் காலையில் இல்லாமல் போன பிள்ளைகளின் பெயர்களைச் சொல்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. மணலில் சின்னவனை இறக்கிவிடுவேன், ஆனால் கையை விடமாட்டேன். அவனுக்கு அது பிடிக்காது. கடலில் சூரியன் எழுகின்ற அழகைப் பற்றிப் பயணிகள் எழுதியிருப்பார்கள். இழுத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையின் கையைப் பிடித்தபடி பார்க்கின்ற சூரியன் அத்தனை சாவகாசமானதல்ல.

கடற்கரை வீதியில்தான் அந்தத் தங்கச்சியைக் கண்டேன். மஞ்சள் மேலங்கி போட்டு வீதி கூட்டுகிறவர். என்னைவிட இளையவர். சின்னவன் அவருடைய ஈர்க்குக் கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டொரு வாரத்தில் பழக்கமாகிவிட்டோம். "இவன் நாலரைக்கு எழும்பி எங்களைக் கொல்றான்" என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் இவன்ட வயசில ஒருத்தி இருக்காக்கா. நான் நாலு மணிக்கு வெளிக்கிடுவன், அவள் ஏழு மணிக்குத்தான் எழும்புவாள். எழும்பினா என்ன முழி முழிக்கிறாள் எண்டு அம்மாதான் பார்க்கிறா."

ஞாயிறு லீவு இல்லையா என்று கேட்டேன். ஞாயிறு இரட்டைச் சம்பளமாம், விட முடியாது. சின்னவன் ஈர்க்குக் கட்டை விட்டதும் அவர் கூட்டிக்கொண்டே மறுபக்கம் போய்விட்டார்.

பரீட்சை முடிந்த அடுத்த நாள் வேலை தொடங்கியது. கிழக்குப் பக்கத்துக் காற்றுத் துவாரங்களைப் பழைய பாயால் மறைத்தேன், காற்றுக்கு மேற்குப் பக்கத்தை விட்டேன். மின்விசிறியை விடியும் வரை ஓட விட்டேன். அதன் இரைச்சலில் வெளிச் சத்தம் அமுங்கும். படலைக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம். நாலு மணிக்கு இவர் வந்து திறக்கின்றபோது அது போடுகின்ற கிரீச் சத்தம் சின்னவனின் மெலிந்த தூக்கத்துக்குள் நேரே போகிறது என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து இவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்.

எல்லாவற்றிலும் உதவியது பாண் ஓட்டோ. ஆறு மணியளவில் எங்கள் ஒழுங்கைக்குள் அந்தப் பியானோப் பாட்டோடு வரும். பேதோவன் என்ற பெரிய இசைக்காரர் ஜேர்மனியில் பிறந்து ஆக்கிய மெட்டு, இலங்கை முழுக்கப் பணிசுக்கும் பாணுக்கும் அழைப்பு மணியாகிவிட்டது. சின்னவனுக்கு மணி விளங்காது, பாட்டு விளங்கும். "பாண் பாட்டு வரல்ல, இன்னும் இரவு" என்று ஒரே வசனம், தாழ்ந்த குரலில். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இருட்டில் ஒன்றரை மணித்தியாலம் என் தலைமயிரை இழுத்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் வாரத்தில் 4.50. பகல் தூக்கம் பதினொன்றுக்குப் போனதும் 5.10. ஒருநாள் பழையபடி நாலரை, தடிமன் பிடித்திருந்தது. இப்போது பெரும்பாலும் 5.20, சில நாள் ஐந்தரை. அதற்கு மேல் போகாது என்று நினைக்கிறேன். வைகாசி வந்தால் வெளிச்சமும் அந்த நேரத்துக்கு வந்துவிடும், இந்தக் கரையில் பிறந்த பிள்ளை வேறெப்படி இருக்கும்?

பாலத்துக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தூண் அருகில் ஐயா இருப்பார். போன கிழமை, இவ்வளவு நாளும் எங்கே என்று சின்னவனிடம் கேட்டார். அவன் வாளிக்குள் கையை விட்டு ஓர் இறாலைப் பிடித்து, "பாண்" என்றான்.